தாய்ப் பருந்து குஞ்சைத் தள்ளிவிடுகிறதா?

பருந்தைப் பார்க்காத திருப்பூர்க்காரர் யாராவது இருக்கிறார்களா? இருக்க முடியாது.

பனியன் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால் போதும். ஆகாயத்தில் ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். நொய்யல் பாலத்தின் மேல் நின்றாலும் தெரியும். இறைச்சிக் கடைத் தெருவிலும் தெரியும்.

ஆனால், பருந்துக் குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா?

"இல்லையே!" என்பார்கள் பலர். பார்த்திருப்பார்கள். அது குஞ்சு என்று தெரிந்திருக்காது. அவ்வளவுதான்.

பங்குனி, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகிறீர்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. ஓயாமல் கத்துகிறது. இறக்கையை விரிக்கிறது, மறுபடியும் மடக்கிக்கொள்கிறது.

"ஐயோ பாவம், அடிபட்ட பருந்து!" என்று இரக்கப்படுகிறீர்கள். பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். ஒருவன் சாக்கு எடுத்து வருகிறான். இன்னொருவன் கிண்ணத்தில் பால் கொண்டு வருகிறான்.

நிறுத்துங்கள்! அந்தப் பறவைக்கு அடிபடவில்லை. அது கூட்டை விட்டு அப்போதுதான் கிளம்பிய குஞ்சாக இருக்கலாம். அதன் தாயும் தகப்பனும் எதிர் வீட்டுத் தென்னை மரத்திலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்!

மேடையில் சொல்லும் கதை

கழுகைப் பற்றி ஒரு கதை உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொல்வார்கள். கல்யாண வாழ்த்துரையிலும் சொல்வார்கள்.

தாய்க் கழுகு, குஞ்சுக்கு இறக்கை முளைத்ததும் கூட்டில் உள்ள மெத்தையைப் பிய்த்து எறியுமாம். முள் குத்துமாம். பிறகு குஞ்சைக் கூட்டிலிருந்து கீழே தள்ளிவிடுமாம். விழுகிற குஞ்சை, பறந்து போய் முதுகில் தாங்கிக்கொள்ளுமாம். அப்படித்தான் குஞ்சு பறக்கக் கற்றுக்கொள்கிறதாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை.

பல நாடுகளில் பருந்துக் கூடுகளுக்கும் கழுகுக் கூடுகளுக்கும் பக்கத்தில் காமிரா வைத்திருக்கிறார்கள். முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு பறந்த நாள் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தாய் குஞ்சைத் தள்ளிவிட்டுப் பறக்கப் பழக்குவதும் இல்லை. முதுகில் தாங்குவதும் இல்லை.

நாற்பது வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு வளர்த்துக்கொள்ளும் என்பதும் இப்படி ஒரு கட்டுக்கதையே. அலகு உடைந்த கழுகு இரையைக் கிழிக்க முடியாது. பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

அப்படியானால் குஞ்சு எப்படித்தான் கிளம்புகிறது? உண்மைக் கதை, மேடைக் கதையைவிடச் சுவையானது. அதைத் தெரிந்துகொண்டால், நம் மொட்டை மாடியில் வந்து உட்காரும் ஒரு குஞ்சின் உயிரையும் காப்பாற்றலாம்.

நம் ஊரில் மூன்று வகை

மற்றப் பிராணிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகளுக்கு இரைகொல்லிப் பறவைகள் என்று பெயர். பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் இந்த ஜாதி. திருப்பூர் வட்டாரத்தில் நாம் அடிக்கடி பார்ப்பது மூன்று வகை.

ஒன்று, கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். உடம்பு முழுவதும் பழுப்பு நிறம். வாலின் நுனி நடுவில் வெட்டியதுபோல் பிளந்திருக்கும். இறக்கையை விரித்தால் நாலரை அடி இருக்கும். ஆனால் எடை ஒரு கிலோகூட இராது!

இரண்டு, செம்பருந்து. இதைத்தான் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். தலையும் மார்பும் வெள்ளை. மற்ற இடமெல்லாம் செம்பழுப்பு.

மூன்று, வைரி. புறா அளவுதான் இருக்கும். வேப்ப மரத்திலும் மாமரத்திலும் மறைந்திருந்து, ஓணானையும் எலியையும் சிட்டுக்குருவியையும் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கருடனின் குஞ்சு, கருடனைப் போலவே இராது. வெள்ளைத் தலை கிடையாது. செம்பழுப்பு உடம்பும் கிடையாது. மங்கலான பழுப்பு நிறத்தில், ஏறக்குறையக் கரும்பருந்து போலவே இருக்கும். தாயின் நிறம் முழுவதும் வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும். அதனால்தான் கருடன் குஞ்சை யாரும் கருடன் என்று கும்பிடுவதில்லை!

கூட்டிலும் பனியன் துணி

கரும்பருந்து உயரமான மரத்தில் கூடு கட்டும். செல்போன் கோபுரத்திலும் கட்டும். சுள்ளியும் குச்சியும்தான் சுவர். உள்ளே மெத்தைக்குக் கந்தல் துணி, காகிதம், கயிறு, பிளாஸ்டிக் என்று கண்டதையும் பொறுக்கிக்கொண்டு வரும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்ட் தெருவெல்லாம் கிடக்கிறதே!

கந்தலும் பிளாஸ்டிக்கும் மெத்தைக்கு மட்டும் அல்ல. ஸ்பெயின் தேசத்தில் தோனியானா என்ற பெரிய சரணாலயம் இருக்கிறது. அங்கே பல வருஷமாகக் கரும்பருந்துகளை ஆராய்கிறார்கள். வலுவான பருந்துகள் தங்கள் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளை நிறைய வைப்பதைக் கண்டார்கள். "இது என் இடம். கிட்டே வராதே!" என்று மற்றப் பருந்துகளுக்கு அது எச்சரிக்கை. மெலிந்த பருந்துகள் அப்படிச் செய்வதில்லை. விஞ்ஞானிகளே கூடுதலாகப் பிளாஸ்டிக் வைத்துப் பார்த்தபோது, அவை அதை எடுத்து எறிந்துவிட்டன! வலு இல்லாமல் வீம்பு காட்டினால் வம்பு வரும் என்று அவற்றுக்குத் தெரிகிறது. 2011-ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

கரும்பருந்து இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். தாய்தான் பெரும்பாலும் அடைகாக்கும். தகப்பன் இரை கொண்டுவந்து கொடுக்கும். ஒரு மாதம் கழித்துக் குஞ்சு பொரிக்கும்.

எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். முதலில் பிறந்தது பெரிதாக இருக்கும். அதுதான் முதலில் வாயைத் திறக்கும். இரை நிறையக் கிடைக்கிற வருஷம் எல்லாக் குஞ்சும் பிழைக்கும். கிடைக்காத வருஷம், கடைக்குட்டி பட்டினியால் இறந்துபோவதும் உண்டு.

முதலில் கிளை, பிறகு ஆகாயம்

பிறந்த குஞ்சுக்கு உடம்பெல்லாம் பஞ்சு போன்ற மெல்லிய மயிர் இருக்கும். சில வாரங்களில் இறகு குருத்து விடும். இறகு வளர வளரக் குஞ்சுக்கு இருப்புக் கொள்ளாது.

கூட்டின் விளிம்பில் ஏறி நிற்கும். காற்று வருகிற திசையைப் பார்க்கும். நகத்தால் கூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு இறக்கையைப் படபடவென்று அடிக்கும். தினம் தினம் இதுதான் வேலை. ஓர் அங்குலம் எழும்பும், மறுபடியும் உட்காரும்.

பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவும். அங்கிருந்து இன்னொரு கிளைக்குப் போகும். இரவில் கூட்டுக்கே திரும்பி வரும். இப்படிச் சில நாள் கழிந்த பிறகுதான் முதல் தடவையாக மரத்தை விட்டுப் பறக்கும்.

வைரிக் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறந்துவிடும். கரும்பருந்துக் குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். செம்பருந்துக் குஞ்சுக்கு ஏழெட்டு வாரம் ஆகும்.

யாரும் தள்ளவில்லை. முள் குத்தவில்லை. இறக்கை வளர்ந்தது, பசி எடுத்தது, காற்று வீசியது. குஞ்சு தானே கிளம்பியது.

முதல் தடவை பறக்கும்போது அழகாகவா பறக்கும்? இல்லை. போகிற வேகத்தில் தகரக் கூரையில் மோதும். கிளையில் உட்காரப் போய்த் தலைகீழாகத் தொங்கும். சில சமயம் தரையிலும் இறங்கிவிடும். பறக்கக் கிளம்புவது சுலபம். இறங்குவதுதான் கஷ்டம்!

பறந்த பிறகு நாற்பது நாள்

குஞ்சு பறந்துவிட்டால் தாயின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அதுதான் தவறு.

பறந்த பிறகும் தாயும் தகப்பனும் பல வாரம் இரை கொடுக்கின்றன. கரும்பருந்து ஒரு மாதம், நாற்பது நாள் வரைகூடக் கொடுப்பது உண்டு. தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து கத்துகிற குஞ்சு, சாப்பாட்டுக்காகத்தான் கத்துகிறது. அழுகிற பிள்ளைக்குத்தானே பால்!

இந்த நாற்பது நாளில்தான் குஞ்சு எல்லாவற்றையும் பழகிக்கொள்கிறது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று மேலே எழும்பும். அதில் இறக்கையை விரித்து நின்றால், ஓர் அடிகூட அடிக்காமல் உயரே போகலாம். பருந்து வட்டம் போடுகிறதே, அது இந்தக் காற்றில் ஏறுவதற்காகத்தான். குஞ்சு இதைத் தானே பழகிப் பழகிக் கண்டுபிடிக்கிறது.

விளையாட்டும் உண்டு. காய்ந்த சுள்ளியைத் தூக்கிக்கொண்டு பறக்கும். நடு ஆகாயத்தில் நழுவவிடும். அது கீழே விழுவதற்குள் பாய்ந்து பிடிக்கும். இது வெறும் விளையாட்டா? இல்லை. நாளைக்கு எலி பிடிக்க இன்றைக்கு ஒத்திகை!

நாள் ஆக ஆக, பெற்றோர் இரை கொண்டுவருவது குறையும். குஞ்சு துரத்திக்கொண்டு போகும். தாய் விலகிப் பறக்கும். சில இனங்களில் விரட்டியும் விடும். வேறு சில இனங்களில் விரட்டும் வரை குஞ்சு காத்திருப்பதில்லை. தானே இரை தேடக் கற்றதும் ஒரு நாள் காணாமற் போய்விடும்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தாய் இல்லாவிட்டால் குஞ்சு பறக்குமா? வேட்டையாடுமா?

இதற்கு விடை அமெரிக்காவில் கிடைத்தது. உலகத்திலேயே மிக வேகமாகப் பாயும் பறவை, பைரி என்ற வல்லூறு. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த டி.டி.டி. மருந்து, பைரியின் உடம்பிலும் சேர்ந்துவிட்டது. முட்டையின் ஓடு மெலிந்தது. அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கியது. 1960-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி கூடு கட்டுவதே நின்றுபோயிற்று.

டாம் கேட் என்ற பேராசிரியர் 1970-ல் ஒரு சங்கம் தொடங்கினார். கூண்டில் பைரிகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். குஞ்சுகளை உயரமான கோபுரங்களிலும் பாறைகளிலும் பெட்டியில் வைத்தார்கள். மனிதன் முகம் தெரியாதபடி மறைவாக நின்று தினமும் இரை போட்டார்கள். நேரம் வந்ததும் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

தாய் இல்லை, தகப்பன் இல்லை. ஆனாலும் குஞ்சுகள் பறந்தன. வேட்டையாடின! நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பைரிகளை இப்படி விட்டார்கள். அங்கே டி.டி.டி.க்கு 1972-ல் தடை வந்தது. 1999-ல், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலிலிருந்து பைரியின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பறப்பது பிறவியிலேயே வருகிறது. ஆனால் அதில் தேர்ச்சி பெற நாள் வேண்டும். அந்த நாளில் சாப்பாட்டுக்கு யாராவது வழி செய்ய வேண்டும். தாய்ப் பருந்து கொடுப்பது பாடம் அல்ல, அவகாசம்!

ஏன் போக வேண்டும்?

குஞ்சு ஏன் தாயுடனேயே இருந்துவிடக் கூடாது?

ஒரு பருந்து ஜோடி பிழைக்க ஓர் அளவு நிலம் வேண்டும். அதில் இவ்வளவு எலிதான் இருக்கும். குஞ்சும் அங்கேயே இருந்தால் எல்லோருக்கும் பட்டினி. இன்னொரு காரணம், ஒரே குடும்பத்துக்குள் ஜோடி சேர்ந்தால் வம்சம் மெலியும். இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் குஞ்சுகள் சிதறிப் போகின்றன.

எங்கே போகும்? காற்று போகிற பக்கம், இரை கிடைக்கிற பக்கம் என்று அலையும். முதல் ஒன்றிரண்டு வருஷம் சொந்த இடம் கிடையாது. குப்பை மேடு, இறைச்சிக் கடை, ஏரிக்கரை என்று பல இடங்களில் கூட்டமாகச் சேரும். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைய. கோழிக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டினால் பருந்துகள் கூடிவிடும். வேட்டையில் தேறாத இளசுகளுக்கு அது சுலபமான சாப்பாடு.

பெரும்பாலான பறவை இனங்களில் பெண் குஞ்சுதான் பிறந்த இடத்தை விட்டு அதிகத் தூரம் போகிறது. ஆண் குஞ்சு பக்கத்திலேயே இடம் பிடிக்கப் பார்க்கிறது. பெண் பிள்ளைகளை வெளியூருக்குக் கட்டிக்கொடுப்பது நம் வீட்டில் மட்டும் இல்லை போலிருக்கிறது!

கரும்பருந்து இரண்டு, மூன்று வயதுக்கு முன்னால் பெரும்பாலும் கூடு கட்டுவதில்லை. ஸ்பெயினில் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். ஊரெல்லாம் சுற்றிய பல பருந்துகள் கடைசியில் பிறந்த இடத்துக்குச் சில கிலோமீட்டருக்குள்ளேயே வந்து கூடு கட்டின. எங்கே சுற்றினாலும் பிறந்த மண் இழுக்கிறது!

கடலைத் தாண்டும் குஞ்சு

நம் ஊர்ப் பருந்து வெகு தூரம் போவதில்லை. ஆனால் பிறந்து நாலைந்து மாதத்தில் கடலையே தாண்டுகிற குஞ்சும் உண்டு.

அதன் பெயர் அமூர் வல்லூறு. எடை சுமார் 150 கிராம்தான். சைபீரியாவிலும் வட சீனாவிலும் பிறக்கும். ஐப்பசி மாதத்தில் நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் லட்சக்கணக்கில் வந்து தங்கும். கரையானைத் தின்று கொழுக்கும். பிறகு இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவுக்குப் போகும். அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளும் கூடவே போகும்.

2012-ஆம் ஆண்டில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் இந்தப் பறவைகளை வலை போட்டுப் பிடித்துக் கறிக்கு விற்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பிடிபட்டதாகக் கணக்கிட்டார்கள். செய்தி உலகம் முழுவதும் பரவியது. கிராமத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, இனிப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். 2013-ல் அங்கே வலை விரிக்கவில்லை!

அந்த வருஷமே மூன்று பறவைகளின் முதுகில், சூரிய ஒளியில் வேலை செய்யும் 5 கிராம் கருவியைக் கட்டினார்கள். நாகா, வோகா, பாங்டி என்று அந்த ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். அவை எங்கே போகின்றன என்பதை விண்கோள் மூலம் பார்த்தார்கள். அவை அரபிக் கடலை எங்கும் இறங்காமல் தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன!

ஒரே வருஷத்தில் ஒரு கிராமம் மனம் மாறியதால் அத்தனை குஞ்சுகள் கடல் தாண்டின. இதை நாமும் கவனிக்க வேண்டும்.

முதல் வருஷம்தான் கண்டம்

பல இரைகொல்லி இனங்களில், பறக்கத் தொடங்கிய குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. காரணம் என்ன? பசிதான் முதல் காரணம். மற்றதெல்லாம் நாம் வைக்கும் கண்ணி.

நூல்: கூட்டுக்கு வந்த கந்தலிலும் கயிற்றிலும் உள்ள நூல் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். கால் வளரும்; நூல் இறுகும். பறக்கிற நாளில் குஞ்சு கூட்டிலேயே தொங்கிவிடும். பல நாடுகளில் இப்படிக் குஞ்சுகள் இறந்திருக்கின்றன. பிசிறையும் கட்டிங் வேஸ்ட்டையும் தெருவில் வீசாமல் மூட்டை கட்டிக் கொடுத்தால் இந்த ஆபத்துக் குறையும்.

மாஞ்சா: கண்ணாடித் தூள் தடவிய பட்டக் கயிறு இறக்கையை அறுத்துவிடும். நைலான் மாஞ்சாவுக்கு 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. டில்லியில் மாஞ்சாவால் அறுபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் செய்யும் இரண்டு சகோதரர்களைப் பற்றி 2022-ல் எடுத்த படம், ஆஸ்கார் பரிசுப் போட்டி வரை போனது.

மின்சாரக் கம்பி: ஒரு கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. பெரிய இறக்கையை விரிக்கும்போது இன்னொரு கம்பியும் பட்டால் உயிர் போய்விடும். பழகாத குஞ்சுக்கு இந்த ஆபத்து அதிகம்.

காற்றாலை: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை நம்பித் தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலை இறக்கையில் இரைகொல்லிப் பறவைகள் அடிபடுவது உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது.

எலி மருந்து: மருந்து தின்ற எலி தள்ளாடும். அதைப் பிடிப்பது சுலபம். அந்த எலியைத் தின்ற குஞ்சின் உடம்பிலும் விஷம் ஏறும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மொட்டை மாடியில் குஞ்சைப் பார்த்தால் முதலில் அதன் உடம்பைத் தூரத்தில் நின்று பாருங்கள்.

இறகு நன்றாக முளைத்திருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, கத்துகிறது என்றால் அதற்கு ஒன்றும் இல்லை. தொடாதீர்கள். நாயையும் பூனையையும் விரட்டுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். நீங்கள் போனால்தான் தாய் வரும்.

தெருவில், வண்டி போகிற இடத்தில் இறங்கிவிட்டதா? ஒரு துண்டைப் போட்டு மூடிப் பிடித்து, பக்கத்துச் சுவர் மேலோ மரக்கிளையிலோ வைத்துவிடுங்கள். நகம் கூர்மையானது. ஜாக்கிரதை!

இறகே முளைக்காத, பஞ்சு மட்டும் உள்ள குஞ்சு விழுந்து கிடந்தால், ஒரு கூடையில் வைத்து அதே மரத்தில் உயரமாகக் கட்டிவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அது பொய். தொட்ட குஞ்சையும் தாய் வளர்க்கும்.

இறக்கை தொங்குகிறது, ரத்தம் வருகிறது என்றால் அது அடிபட்டதுதான். பனியன் அடுக்குகிற அட்டைப் பெட்டி ஒன்று எடுங்கள். காற்றுக்கு நாலு ஓட்டை போடுங்கள். அடியில் பழைய பனியனை விரியுங்கள். குஞ்சை உள்ளே வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பால் ஊற்றாதீர்கள். சோறு ஊட்டாதீர்கள். வாயில் தண்ணீர் விடாதீர்கள். வனத்துறைக்கோ அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கோ உடனே சொல்லுங்கள்.

வீட்டில் வைத்து வளர்க்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், கூண்டில் வளர்ந்து மனிதனிடம் பழகிய குஞ்சு, பிறகு வெளியே போய்ப் பிழைப்பது கடினம். இரக்கப்பட்டுச் செய்த காரியமே அதற்கு எமனாகிவிடும்.

மாடிக்குப் போனால் ஒரு பருந்து தலைக்கு மேல் பாய்ந்து வருகிறதா? கோபப்படாதீர்கள். பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது. இரண்டு மாதம் குடை பிடித்துக்கொண்டு துணி காயப்போடுங்கள். குஞ்சு கிளம்பியதும் அதுவும் அடங்கிவிடும்.

நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள்

பருந்துகளை நிதானமாகப் பார்க்க ஆசையா? ஊத்துக்குளி போகிற வழியில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 126 ஹெக்டேர் பரப்பு. 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கே 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

காலையில் வெயில் ஏறுகிற நேரத்தில் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு பருந்து ஆடாமல் அசையாமல் வட்டம் போடும். பக்கத்தில் இன்னொன்று இறக்கையை அடித்து அடித்துக் களைத்து, கத்திக்கொண்டே பின்னால் போகும். அதுதான் குஞ்சு.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுத் திருப்பூருக்கு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மாதச் சம்பளம் வரும் வரை ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பணத்தில் சாப்பிட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பறவைக்கும் அப்படி ஒரு நாற்பது நாள் இருக்கிறது. அந்த நாற்பது நாளும் அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் நாம் செய்கிற உதவி.

ஆகையால், அடுத்த முறை தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு குஞ்சு கத்தினால் சாக்கை மடித்து வையுங்கள். கிண்ணத்துப் பாலை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளையை அதன் தாய் பார்த்துக்கொள்ளும்!